1776-இல் சுதந்திரம், 1789-இல் அரசாங்கம்: நடுவில் 13 ஆண்டுகள் என்ன நடந்தது?

அமெரிக்க சுதந்திரத்துக்கு 2026-இல் 250 ஆண்டுகள் நிறைகின்றன. அதையொட்டிப் பழைய குழப்பங்கள் சில மீண்டும் சுற்றி வருகின்றன. சுதந்திரம் 1776-இல் கிடைத்தது என்றால் ஜார்ஜ் வாஷிங்டன் 1789-இல்தான் அதிபரானார் என்பது எப்படி? அவருக்கு முன்பே ஜான் ஹான்சன் என்றொருவர் அதிபராக இருந்தார் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா? இறக்குமதி வரி விதிக்கும் அதிகாரம் அதிபருக்கா, காங்கிரஸுக்கா என்று அண்மையில் அமெரிக்க நீதிமன்றங்களில் நடந்த வழக்குகளில், 1787-இல் எழுதிய வாசகங்களை ஏன் இன்னும் வரிக்கு வரி ஆராய்கிறார்கள்?

மூன்று கேள்விகளுக்கும் விடை அந்தப் பதின்மூன்று ஆண்டுகளுக்குள் இருக்கிறது. அமெரிக்கப் புரட்சியை விடுதலை வேட்கையின் வரலாறாகவே நாம் பள்ளியில் படித்தோம். வேட்கை இருந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் வரவு செலவுக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால்தான் நடந்தவை ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ‘எங்களிடம் வரி கேட்க நீங்கள் யார்?’ என்று லண்டனைப் பார்த்துக் கேட்டார்கள், பேரரசு உடைந்தது. அதே கேள்வியைத் தாங்களே அமைத்த காங்கிரஸைப் பார்த்தும் கேட்டார்கள். அந்த அரசும் எட்டு ஆண்டுகளில் படுத்துவிட்டது. இன்றைய அமெரிக்க அரசு அதன் பிறகு கட்டப்பட்டது.

குழப்பம் தரும் நான்கு பெயர்கள்

1. காலனிகள்: வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில், நியூ ஹாம்ப்ஷயர் முதல் ஜார்ஜியா வரை இருந்த 13 பிரிட்டிஷ் குடியேற்றங்கள். ஒவ்வொன்றிலும் சொத்துள்ள ஆண்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் இருந்தது. உள்ளூர் வரிகளைப் போட்டது அந்த மன்றம். லண்டனிலிருந்து வந்த ஆளுநருக்குச் சம்பளம் கொடுத்ததும் பல இடங்களில் அதுவே. பணப்பையின் வாய் தங்கள் கையில் இருக்கும்வரை ஆளுநர் அடங்கியிருப்பார் என்பது அவர்கள் தலைமுறைகளாகக் கற்ற பாடம்.

2. கண்டக் காங்கிரஸ்: காலனிகள் அனுப்பிய பிரதிநிதிகளின் கூட்டம். 1774-இல் ஒருமுறை கூடிக் கலைந்தது. 1775 மே மாதம் இரண்டாம் முறை கூடியபோது போர் தொடங்கிவிட்டதால் கலைய முடியாமல் அதுவே அரசாங்கமாகிவிட்டது.

3. கூட்டமைப்பு விதிகள்: அமெரிக்காவின் முதல் தேசிய சாசனம். 1777 நவம்பரில் காங்கிரஸ் ஏற்றது. 1781 மார்ச் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

4. அரசியலமைப்புச் சட்டம்: 1787-இல் எழுதி, 1788-இல் ஒப்புதல் பெற்று, 1789-இல் செயலுக்கு வந்தது. இன்றும் இருப்பது இதுதான்.

ஜான் ஹான்சன் மூன்றாவது ஏற்பாட்டைச் சேர்ந்தவர். 1781 நவம்பரில் ஓராண்டுக் காலத்துக்குக் காங்கிரஸின் அவைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆங்கிலத்தில் அவைத்தலைவருக்கும் அதிபருக்கும் ‘பிரெசிடென்ட்’ என்ற ஒரே பதவிப் பெயர் இருந்தாலும், ஹான்சனின் வேலை கூட்டத்தை நடத்துவதும் கடிதங்களில் கையெழுத்திடுவதும்தான். படையும் இல்லை, அமைச்சரவையும் இல்லை, மசோதாவைத் தடுக்கும் அதிகாரமும் இல்லை. இன்னொன்று: விதிகள் நடைமுறைக்கு வந்த நாளில் அந்த நாற்காலியில் இருந்தவர் சாமுவேல் ஹன்டிங்டன். எனவே ‘முதல்’ என்ற பெருமைகூட ஹான்சனுக்கு உறுதியாகச் சேராது.

கடனில் தொடங்கிய தகராறு

1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரில் பிரிட்டன் பிரான்ஸை வென்றது. கனடா கைக்கு வந்தது. கூடவே கடனும் வந்தது. போருக்கு முன் ஏறத்தாழ 7.5 கோடி பவுண்டாக இருந்த தேசியக் கடன் 13 கோடியைத் தாண்டியது. அமெரிக்க எல்லையைக் காக்கப் படை நிறுத்தியாக வேண்டும். அதன் செலவில் ஒரு பகுதியைக் காலனிகள் ஏற்கட்டும் என்று லண்டன் நினைத்தது. கணக்கு என்ற அளவில் இது அநியாயமான எதிர்பார்ப்பு அல்ல. பிரிட்டனில் இருந்தவர்கள் கட்டிய வரியோடு ஒப்பிட்டால் காலனி மக்கள் கட்டியது மிகக் குறைவு.

1764-இல் சர்க்கரைச் சட்டம் வந்தது. வெல்லப்பாகின் மீதான சுங்கத்தைக் கேலனுக்கு ஆறு பென்ஸிலிருந்து மூன்றாகக் குறைத்தது. வரியைக் குறைத்ததற்கா எதிர்ப்பு என்று தோன்றலாம். பழைய ஆறு பென்ஸை ஏறக்குறைய யாரும் கட்டியதில்லை. கடத்தல் சரக்கில் காலம் ஓடியது. புதிய மூன்று பென்ஸை உண்மையாகவே வசூலிக்க ஆள் வைத்தார்கள்.

அடுத்த ஆண்டு முத்திரை வரி. பத்திரங்கள், செய்தித்தாள்கள், கப்பல் ஆவணங்கள், சீட்டுக்கட்டுகள், பகடைக்காய்கள் எல்லாவற்றுக்கும் முத்திரை வேண்டும். பிரிட்டனில் இது பழைய வரி. ஆனால் காலனிகளில் நாடாளுமன்றம் நேரடியாகக் கை நீட்டிய முதல் உள்நாட்டு வரி. அதிலும் வழக்கறிஞர்கள், அச்சகத்தார், வணிகர்கள் என்று, ஊரில் வாயும் பேனாவும் உள்ள எல்லோரையும் ஒரே நாளில் பகைத்துக்கொண்ட வரி.

‘பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை’ என்ற முழக்கம் பரவியது இந்தச் சமயத்தில்தான். இதைப் பலரும் ‘எங்களுக்கு லண்டனில் இடம் கொடுங்கள்’ என்ற கோரிக்கையாகப் புரிந்துகொள்கிறார்கள். 1765 அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய ஒன்பது காலனிகளின் மாநாடு அதற்கு நேர் மாறாகத் தீர்மானித்தது: கடல் கடந்து இருக்கும் எங்களை அந்த மன்றத்தில் யாரும் பிரதிநிதித்துவப்படுத்தவே முடியாது; ஆகவே எங்களுக்கு வரி போடும் உரிமை எங்கள் சட்டமன்றங்களுக்கு மட்டுமே. இடம் கிடைத்தாலும் சில உறுப்பினர்கள் எப்போதும் தோற்றுக்கொண்டிருப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். பிரிட்டன் தரப்பிலும் ஒரு பதில் இருந்தது. மான்செஸ்டருக்கும் பர்மிங்ஹாமுக்கும்கூட அன்று உறுப்பினர் இல்லை. அவர்கள் வரி கட்டவில்லையா? நாடாளுமன்றம் பேரரசின் எல்லாக் குடிமக்களுக்குமானது என்று வாதிட்டார்கள்.

1766 மார்ச்சில் முத்திரை வரி ரத்தானது. ஆனால் அதே நாளில், காலனிகளை எந்த விஷயத்திலும் கட்டுப்படுத்தும் சட்டமியற்றத் தனக்கு முழு அதிகாரம் உண்டு என்று நாடாளுமன்றம் இன்னொரு சட்டமும் செய்துவைத்தது. பணத்தை விட்டுக்கொடுத்து உரிமையைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த எட்டு ஆண்டுகளும் இந்த உரிமையை நிலைநாட்டச் செய்த முயற்சிகளே. 1767-இல் கண்ணாடி, ஈயம், சாயம், காகிதம், தேயிலை ஆகியவற்றின் மீது சுங்கம் போட்டார்கள். இறக்குமதிப் புறக்கணிப்பு எழுந்ததும் 1770-இல் மற்றவற்றை நீக்கிவிட்டு, தேயிலைக்குப் பவுண்டுக்கு மூன்று பென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டார்கள். அடையாளத்துக்கு ஒன்று.

விலை குறைந்த தேயிலைக்கு ஏன் கோபம்?

போஸ்டன் தேயிலைச் சம்பவத்தை ‘அதிக வரிக்கு எதிரான போராட்டம்’ என்று எழுதுவது வழக்கம். தவறு. 1773-ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டம் புது வரி எதையும் போடவில்லை. தேயிலை விலையை அது குறைத்தது.

காரணம் கிழக்கிந்தியக் கம்பெனி. வங்கப் பஞ்சம், ஹைதர் அலியோடு நடந்த போரின் செலவு, 1772-இல் லண்டனில் ஏற்பட்ட கடன் நெருக்கடி எல்லாம் சேர்ந்து கம்பெனியைத் திவாலின் விளிம்புக்குக் கொண்டுவந்திருந்தன. கிடங்குகளில் விற்காத தேயிலை கோடிப் பவுண்டு எடைக்கு மேல் தேங்கிக் கிடந்தது. அரசு 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்ததோடு, இடைத்தரகர் இல்லாமல் நேரே அமெரிக்காவில் விற்கவும் அனுமதித்தது. பிரிட்டனில் கட்டிய சுங்கம் திரும்பக் கிடைக்கும். அமெரிக்கத் துறைமுகத்தில் அந்த மூன்று பென்ஸ் மட்டும் கட்டினால் போதும். டச்சுக் கடத்தல் தேயிலையோடு போட்டியிடும் விலைக்கு வந்துவிடும். (இது இந்தியத் தேயிலை என்று எழுதுபவர்கள் உண்டு. சீனத் தேயிலை. இந்தியாவில் அப்போது தேயிலைத் தோட்டத் தொழிலே கிடையாது.)

மலிவு விலையில் வாங்கிக் குடித்தால், நாடாளுமன்றம் போட்ட வரியை மௌனமாக ஒப்புக்கொண்டதாகிவிடும். சிக்கல் அங்கேதான். உள்ளூர் வணிகர்களை ஒதுக்கிவிட்டுக் கம்பெனி தேர்ந்தெடுத்த சிலருக்கே விற்பனை உரிமை போனது இன்னொரு எரிச்சல். மாசசூசெட்ஸ் ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் மகன்களும் அந்தச் சிலரில் அடக்கம்.

டார்ட்மத் என்ற கப்பல் நவம்பர் 28 அன்று போஸ்டன் வந்தது. சுங்க விதிப்படி 20 நாளுக்குள் வரி கட்டியாக வேண்டும். இல்லையென்றால் சரக்கைச் சுங்க அதிகாரிகள் எடுத்துக்கொள்வார்கள், அது எப்படியோ சந்தைக்கு வந்துவிடும். கெடு டிசம்பர் 17. கப்பலைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று நகரக் கூட்டம் கேட்டது. வரி கட்டாமல் துறைமுகத்தைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு தர முடியாது என்று ஆளுநர் மறுத்தார். பிலடெல்பியாவில் இதே போன்ற கப்பலை அப்படியே திருப்பி அனுப்பினார்கள், ரகளை எதுவும் இல்லை. போஸ்டனில் மட்டும் சட்டத்தில் ஊன்றி நின்ற ஓர் ஆளுநரும் கெடுவும் சேர்ந்துகொண்டன.

டிசம்பர் 16 இரவு மூன்று கப்பல்களில் ஏறியவர்கள், சுமார் மூன்று மணி நேரத்தில் 342 பெட்டிகளை உடைத்துக் கொட்டினார்கள். ஏறத்தாழ 42 டன் தேயிலை. மதிப்பு 9,659 பவுண்டு. கடல் அப்போது வற்றியிருந்ததால் தேயிலை நீரில் கரையாமல் கப்பலின் ஓரத்தில் குவிந்து எழுந்தது; காலால் தள்ளிவிட வேண்டியிருந்தது. வேறு எந்தப் பொருளையும் தொடவில்லை.

லண்டன் கொடுத்த தண்டனை, குற்றத்தைவிடப் பெரிதாக இருந்தது. நஷ்டஈடு கொடுக்கும்வரை போஸ்டன் துறைமுகத்தை மூடியது ஒன்று. மாசசூசெட்ஸின் சாசனத்தையே மாற்றி, மக்கள் மன்றம் தேர்ந்தெடுத்து வந்த மேலவையை மன்னர் நியமிப்பதாக ஆக்கியது மற்றொன்று. மற்ற காலனிகளைப் பயமுறுத்தியது இரண்டாவதுதான். இன்று அங்கே நடந்தது நாளை இங்கேயும் நடக்கும் அல்லவா?

கூட்டம் அரசாங்கமானது

1774 செப்டம்பரில் ஜார்ஜியா தவிர 12 காலனிகளின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடினார்கள். விடுதலை பற்றி யாரும் பேசவில்லை. பிரிட்டிஷ் பொருள்களை வாங்குவதில்லை என்று முடிவு செய்து, அதைக் கண்காணிக்க ஊருக்கு ஊர் குழு அமைத்தார்கள். யார் கடையில் என்ன சரக்கு இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கிய அந்தக் குழுக்கள், ஓராண்டுக்குள் நடைமுறையில் உள்ளூர் ஆட்சியாகவே மாறிவிட்டன. மன்னரின் அதிகாரம் பல ஊர்களில் போருக்கு முன்பே போய்விட்டது.

1775 ஏப்ரல் 19 அன்று கான்கார்டில் பதுக்கியிருந்த ஆயுதங்களைக் கைப்பற்றப் போன பிரிட்டிஷ் படைக்கும் உள்ளூர் ஆட்களுக்கும் லெக்சிங்டனில் துப்பாக்கிச் சண்டை மூண்டது. ஜூனில் வாஷிங்டன் தளபதியானார். அப்போதும் ஜூலையில் மன்னருக்குச் சமாதான விண்ணப்பம் போனது. மூன்றாம் ஜார்ஜ் அதை ஏறெடுத்தும் பார்க்காமல் ஆகஸ்டில் அவர்களைக் கலகக்காரர்கள் என்று அறிவித்தார். தடுமாறி நின்ற பலரை அந்த அறிவிப்புதான் விடுதலைப் பக்கம் தள்ளியது.

1776 ஜூன் 7 அன்று விர்ஜீனியாவின் ரிச்சர்ட் ஹென்றி லீ கொண்டுவந்த தீர்மானத்தில் மூன்று வேலைகள் இருந்தன: விடுதலை அறிவிப்பது, வெளிநாட்டுக் கூட்டணி தேடுவது, காலனிகளை ஒரு கூட்டமைப்பாக இணைப்பது. முதல் வேலை 25 நாளில் முடிந்தது. ஜூலை 2 அன்று வாக்கெடுப்பு. நியூயார்க் வாக்களிக்கவில்லை, மற்ற 12-உம் ஆதரவு. ஜூலை 4 என்பது ஜெபர்சன் எழுதிய பிரகடனத்தின் வாசகத்தைத் திருத்தி ஏற்ற நாள். பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. வருங்காலம் ஜூலை 2-ஐத்தான் கொண்டாடும் என்று ஜான் ஆடம்ஸ் மனைவிக்கு எழுதினார், பாவம்.

இரண்டாவது வேலை, பிரான்ஸுடன் கூட்டணி, 20 மாதம் பிடித்தது. மூன்றாவது வேலைக்கு ஐந்து ஆண்டுகள் நெருங்கின. பிரிந்துபோவதில் இருந்த ஒற்றுமை, சேர்ந்திருப்பதில் இல்லை.

கூட்டமைப்பு விதிகள்: கேட்கலாம், வாங்க முடியாது

லண்டனிடம் பட்டவர்கள் எழுதிய சாசனம் அது. தூரத்தில் இருக்கும் ஓர் அதிகார மையத்தை மீண்டும் உருவாக்க யாருக்கும் மனமில்லை. அதன் முக்கிய ஏற்பாடுகள்:

1. மாநிலத்துக்கு ஒரு வாக்கு. 1790 கணக்கெடுப்பில் 7 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த விர்ஜீனியாவுக்கும், 60,000-ஐத் தொடாத டெலவேருக்கும் சம பலம்.

2. போர், ஒப்பந்தம், கடன் போன்றவற்றுக்கு 13-இல் 9 மாநிலங்களின் சம்மதம் வேண்டும்.

3. விதிகளைத் திருத்த 13-உம் ஒப்ப வேண்டும். ஒருவர் மறுத்தாலும் முடிந்தது.

4. நிர்வாகத் தலைவர் கிடையாது. தேசிய நீதிமன்ற அமைப்பும் கிடையாது.

5. காங்கிரஸுக்கு வரி போடும் அதிகாரம் இல்லை. நிலமதிப்பைக் கொண்டு ஒவ்வொரு மாநிலத்தின் பங்கையும் கணக்கிட்டு, அனுப்பிவையுங்கள் என்று கேட்கலாம். அனுப்பாவிட்டால் எதுவும் செய்ய முடியாது.

ஐந்தாவதுதான் உயிர்நாடி. சந்தா கட்டாதவரை நீக்கவும் முடியாத, வீடு தேடிப்போய்க் கேட்கவும் முடியாத சங்கத்தின் பொருளாளரை நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் காங்கிரஸின் நிலை. முதல் சில ஆண்டுகளில் ஒரு கோடி டாலர் கேட்டதில், ஆறில் ஒரு பங்குகூட வரவில்லை.

போரை அதற்கு முன்பே காகிதப் பணத்தால் நடத்தினார்கள். வரி இல்லாத அரசுக்கு அச்சகம்தானே கருவூலம். 20 கோடி டாலருக்கு மேல் அச்சிட்ட பிறகு, 40 காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று 1780-இல் காங்கிரஸே ஒப்புக்கொண்டது. மறு ஆண்டில் அதையும் யாரும் வாங்கவில்லை. வென்றது பெரிதும் பிரெஞ்சுப் பணத்தாலும் பிரெஞ்சுக் கப்பற்படையாலும். 1781 அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்துக் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்து, 1792-இல் திப்பு சுல்தானைப் பணியவைத்தவர் இவரேதான்.

இந்தப் போருக்குத் தமிழ்நாட்டுக் கரையிலும் ஒரு முடிவு உண்டு. பிரான்ஸ் போரில் இறங்கியதும், 1778-இல் பிரிட்டிஷார் புதுச்சேரியைப் பிடித்தார்கள். 1783 ஜூனில் கடலூரில் இருந்த பிரெஞ்சுப் படையைப் பிரிட்டிஷார் முற்றுகையிட்டிருந்தார்கள். ஜூன் 20 அன்று பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரனின் கப்பல்களும் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஹியூஸின் கப்பல்களும் கடலூருக்கு எதிரே மோதிக்கொண்டன. ஐரோப்பாவில் சமாதான உடன்பாடு ஐந்து மாதம் முன்பே கையெழுத்தாகியிருந்தது. செய்தி வந்து சேர்ந்தது ஜூன் இறுதியில். அமெரிக்க விடுதலைப் போரின் கடைசி மோதல்களில் ஒன்று நம் கடலூரில் நடந்தது என்பதைப் பாடநூல்கள் ஏனோ சொல்வதில்லை.

சமாதானம் அம்பலப்படுத்திய பலவீனம்

போர் நடந்தபோது பொது எதிரி இருந்தான். அது முடிந்ததும் காங்கிரஸின் வறுமை வெளியே தெரிந்தது.

1783 ஜூனில், சம்பளம் கிடைக்காத பென்சில்வேனியப் படைவீரர்கள், சுதந்திரப் பிரகடனம் நிறைவேறிய அதே கட்டடத்தைச் சூழ்ந்தார்கள். காவலுக்குப் படை அனுப்புங்கள் என்று காங்கிரஸ் மாநில அரசைக் கேட்டது, அனுப்பவில்லை. உறுப்பினர்கள் பிரின்ஸ்டன் என்ற சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு அன்னாபொலிஸ், டிரென்டன், நியூயார்க் என்று ஊர் ஊராக அலைந்தது அந்த அரசு.

அன்னாபொலிஸில் நடந்தது இன்னும் பரிதாபம். 1783 செப்டம்பர் 3 அன்று பாரிஸில் கையெழுத்தான சமாதான ஒப்பந்தத்தை ஆறு மாதத்துக்குள் ஒப்புதலோடு பரிமாறிக்கொள்ள வேண்டும். அதற்கு ஒன்பது மாநிலங்கள் வேண்டும். டிசம்பர் முடிந்தும் ஏழு மாநிலங்களின் பிரதிநிதிகளே வந்திருந்தார்கள். குளிர்காலம், அவரவர் வீட்டு வேலை. எட்டு ஆண்டுகள் போரிட்டுப் பெற்ற விடுதலையை எதிரியே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட பிறகு, அதை ஏற்றுக்கொள்ள ஆள் சேரவில்லை. 1784 ஜனவரி 14 அன்றுதான் ஒன்பது சேர்ந்தது. ஆவணம் கெடு தாண்டியே ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. பிரிட்டன் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அந்த ஆண்டு ஜூனில் படையைக் கலைத்துவிட்டு, ஆயுதக் கிடங்குகளைக் காக்க 80 பேரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். டெட்ராய்ட், நயாகரா கோட்டைகளைக் காலி செய்வதாக ஒப்புக்கொண்ட பிரிட்டன் நகரவே இல்லை. எண்பது பேரை வைத்துக்கொண்டு யாரை நகர்த்துவது?

இறக்குமதிக்கு ஐந்து சதவீதச் சுங்கம் போட அனுமதி தாருங்கள் என்று 1781-இல் காங்கிரஸ் கேட்டது. பன்னிரண்டு மாநிலங்கள் சரி என்றன. எல்லாவற்றிலும் சிறிய ரோட் ஐலண்ட் மாட்டேன் என்றது. அதன் வாதங்கள் முத்திரை வரிக்கு எதிராகப் பேசிய அதே வாதங்கள்: வெளியாட்கள் எங்கள் துறைமுகத்தில் வரி வசூலிப்பதா? 1783-இல் மீண்டும் கேட்டபோது நியூயார்க் தடுத்தது. தன் துறைமுகச் சுங்கத்தில் அது கொழித்துக்கொண்டிருந்தது.

வரி போட முடியாத காங்கிரஸுக்கு விற்பதற்கு நிலம் இருந்தது, அல்லது இருப்பதாக அது நினைத்தது. ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே இருந்த பரப்பை 1785-இல் ஆறு மைல் சதுரங்களாக அளந்து விற்க முடிவு செய்தார்கள். 1787-ஆம் ஆண்டின் வடமேற்கு நிலச் சட்டம் அங்கே அடிமை முறையைத் தடை செய்தது. 60,000 பேர் சேர்ந்தால் பழைய மாநிலங்களுக்குச் சமமான புது மாநிலமாகலாம் என்றது. தான் பட்ட காலனி நிலையைப் புதிய நிலங்கள் மீது சுமத்தாத இந்த ஏற்பாடு, பலவீனமான அந்தக் காங்கிரஸின் உண்மையான சாதனை. ஆனால் அந்த நிலத்தில் ஷானி, மியாமி போன்ற பூர்வகுடிகள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பாரிஸ் ஒப்பந்தம் அவர்களைக் கேட்காமலே எழுதப்பட்டது.

ஷேய்ஸ் கலகம்: உடைத்தது எது?

தேசிய அரசு கடனைக் கட்ட முடியாதபோது மாநிலங்கள் தத்தம் கடனைக் கட்ட முனைந்தன. மாசசூசெட்ஸ் அதில் கடுமை காட்டியது. வரியை நாணயமாகவே கட்ட வேண்டும் என்றது. மேற்கு மாவட்ட விவசாயிகளிடம் நிலமும் மாடும் இருந்தன, நாணயம் இல்லை. அவர்களில் பலர் பழைய படைவீரர்கள். சம்பளமாகக் கிடைத்த கடன் பத்திரங்களைச் சாப்பாட்டுக்காக அடிமாட்டு விலைக்கு விற்றவர்கள். அதை வாங்கி வைத்திருந்த நகரத்துப் பணக்காரர்களுக்கு முழு மதிப்பும் வட்டியும் கொடுக்கத்தான் இப்போது வரி. நீதிமன்றங்கள் நிலத்தை ஜப்தி செய்தன.

1786 ஆகஸ்டில் அவர்கள் நீதிமன்றங்களைக் கூடவிடாமல் மறித்தார்கள். முன்னாள் படைத்தலைவர் டேனியல் ஷேய்ஸ் தலைமையில் 1787 ஜனவரி 25 அன்று ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த தேசிய ஆயுதக் கிடங்கை நோக்கி வந்தபோது காவல் படை பீரங்கியால் சுட்டதில் நால்வர் இறந்தார்கள். காங்கிரஸால் படை அனுப்ப முடியவில்லை. போஸ்டன் வணிகர்கள் தங்கள் பணத்தைப் போட்டுத் திரட்டிய படைதான் கலகத்தை அடக்கியது. கலகம் பெரியதல்ல. தன் ஆயுதக் கிடங்கைத் தானே காக்க முடியாத அரசு என்ற செய்திதான் சொத்துள்ளவர்களை நடுங்கவைத்தது. ஓய்வில் இருந்த வாஷிங்டன் மீண்டும் வெளியே வந்ததற்கு இந்த அச்சம் ஒரு காரணம்.

பிலடெல்பியா 1787: வரம்பு மீறிய கூட்டம்

மே 25 முதல் செப்டம்பர் 17 வரை, மூடிய அறையில், 12 மாநிலங்களின் 55 பேர் பேசினார்கள். ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை. அவர்களுக்குக் கொடுத்த பணி பழைய விதிகளைத் திருத்துவது மட்டும். அவர்கள் அதைக் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதினார்கள். திருத்த 13 மாநிலங்களும் வேண்டும் என்ற விதியைத் தாண்ட, 9 மாநிலங்கள் ஒப்பினால் போதும் என்று தாங்களே ஒரு விதியை எழுதிக்கொண்டார்கள். சட்டப்படி பார்த்தால் இது இன்னொரு புரட்சிதான். கோட்டு அணிந்த கனவான்கள் செய்ததால் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

முடிச்சுகள் பல. மூன்று மட்டும் இங்கே:

1. பெரிய மாநிலம், சிறிய மாநிலம்: பிரதிநிதிகள் சபையில் மக்கள்தொகைப்படி இடம், செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு. ஜூலை 16 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில்தான் இது தேறியது. இதற்கு ஈடாக, வரி மசோதா மக்கள் சபையில்தான் தொடங்க வேண்டும் என்று வைத்தார்கள்.

2. அடிமைகள்: 1790-இல் நாட்டில் இருந்த 39 லட்சம் பேரில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகள். இடங்களைக் கணக்கிடும்போது அவர்களை ஐந்தில் மூன்று பங்காக எண்ண முடிவானது. இந்த விநோதப் பின்னம் திடீரென்று முளைத்ததல்ல. 1783-இல் மாநிலங்களின் வரிப் பங்கைக் கணக்கிட யோசித்து, ஒப்புதல் கிடைக்காமல் கிடந்தது. வரி கட்டும்போது அடிமைகளைக் குறைத்து எண்ணச் சொன்ன தெற்கு, இடம் கேட்கும்போது கூட்டி எண்ணச் சொன்னது. அடிமை இறக்குமதியை 1808 வரை தடுப்பதில்லை என்பதும் அதே பேரத்தின் பகுதி. வாக்குரிமை துளியும் இல்லாத மனிதர்களைக் கொண்டு அவர்களின் உரிமையாளர்களுக்குக் கூடுதல் இடம் கிடைத்தது. பிரதிநிதித்துவம் பற்றிப் பேசி நாடு கண்டவர்களின் கைவேலை இது.

3. வரி: முதல் உறுப்பின் எட்டாம் பிரிவு, வரிகளையும் சுங்கங்களையும் விதித்து வசூலிக்கும் அதிகாரத்தைக் காங்கிரஸுக்குத் தருகிறது. மாநிலங்களைக் கேட்க வேண்டியதில்லை. நேரே குடிமகனிடம் வசூலிக்கலாம். காங்கிரஸின் இசைவின்றி மாநிலங்கள் இறக்குமதி வரி போடக் கூடாது. தெற்கின் புகையிலையையும் அரிசியையும் காக்க ஏற்றுமதி வரி அடியோடு தடைசெய்யப்பட்டது. இன்றைய சுங்க வழக்குகளில் படிக்கப்படும் வாசகம் இந்த எட்டாம் பிரிவுதான். அதிபர் பதவியையும் அப்போதுதான் உருவாக்கினார்கள். ஆனால் பணப்பையை அவரிடம் கொடுக்கவில்லை.

கையெழுத்திட்டவர்கள் 39 பேர். மாநில மாநாடுகளில் எதிர்ப்பு பலமாக இருந்தது. மாசசூசெட்ஸில் 187-க்கு 168, விர்ஜீனியாவில் 89-க்கு 79, நியூயார்க்கில் 30-க்கு 27. தனிமனித உரிமைகளுக்கென்று ஒரு பட்டியல் இல்லையே என்பதே பெரிய குறை. பிறகு சேர்க்கிறோம் என்று வாக்குக் கொடுத்த பின்னரே சில மாநிலங்கள் இறங்கிவந்தன. 1791-இல் பத்துத் திருத்தங்களாக அது நிறைவேறியது. ஒன்பதாவதாக நியூ ஹாம்ப்ஷயர் 1788 ஜூன் 21 அன்று ஒப்பியது. ரோட் ஐலண்ட் 1790 மே மாதம் வரை முறுக்கிக்கொண்டு நின்று, 34-க்கு 32 என்று உள்ளே வந்தது.

முதல் வேலை சுங்கம்

புதிய காங்கிரஸ் 1789 மார்ச் 4 அன்று நியூயார்க்கில் கூட வேண்டும். வழக்கம்போல ஆள் சேரவில்லை, ஏப்ரல் ஆகிவிட்டது. விர்ஜீனிய உறுப்பினர் ஜேம்ஸ் மேடிசன் ஏப்ரல் 8 அன்றே இறக்குமதி வரி யோசனையை அவையில் வைத்தார். வாஷிங்டன் பதவியேற்றது ஏப்ரல் 30. அதாவது அதிபர் வருவதற்கு முன்பே வரி விவாதம் தொடங்கிவிட்டது. சட்டம் கையெழுத்தான நாள் ஜூலை 4.

அதன் பிறகு கருவூலச் செயலர் ஹாமில்டன் மாநிலங்களின் போர்க் கடனையும் தேசிய அரசின் தலையில் ஏற்றிக்கொண்டார். தலைநகரைத் தெற்கே போடோமாக் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோவதாகப் பேசி முடித்துத்தான் 1790-இல் அதற்குத் தென்மாநில வாக்கு கிடைத்தது. வட்டி கட்டச் சுங்கம் மட்டும் போதவில்லை. 1791-இல் உள்ளூரில் வடிக்கும் விஸ்கிக்கு வரி வந்தது. மேற்குப் பென்சில்வேனிய விவசாயிகளுக்கு விஸ்கிதான் தானியத்தை மலை தாண்டிக் கொண்டுபோகும் வழி. பணத்துக்குப் பதிலாகக் கைமாறியதும் அதுவே. 1765-இல் முத்திரை விற்க வந்தவர்களை மிரட்டியதுபோலவே 1791-இல் விஸ்கி வரி வசூலிக்க வந்தவர்களையும் மிரட்டினார்கள்; தார் பூசி இறகு ஒட்டியும் அனுப்பினார்கள். 1794 ஜூலையில் வரி ஆய்வாளர் ஜான் நெவில்லின் வீட்டைக் கொளுத்தினார்கள்.

இம்முறை வணிகர்களிடம் கையேந்த வேண்டியிருக்கவில்லை. ஏறத்தாழ 13,000 பேரைத் திரட்டி, வாஷிங்டனே பாதி வழிவரை கூடப் போனார். படை போய்ச் சேர்ந்தபோது கலகக்காரர்கள் கலைந்துவிட்டிருந்தார்கள். தேசத்துரோகக் குற்றம் உறுதியான இருவரையும் வாஷிங்டன் மன்னித்தார். அந்த விவசாயிகள் மாநிலக் கோரிக்கையாகவும் தேர்தல் வாக்காகவும் தங்கள் கோபத்தைக் கொண்டுசென்றார்கள். ஜெபர்சன் அதிபரான பிறகு, 1802-இல் விஸ்கி வரி ரத்தானது. சுங்கம் அப்படியே தொடர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு அமெரிக்க அரசை நடத்திய வருமானம் அதுதான்.